மங்கிவரும் மணக்காட்சிகள்

அமராவதி ஆற்றங்கரையில், நெல்வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்த ஊர் கொமரலிங்கம். திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டத்தைச் சேர்ந்த இந்தப் பேரூரிலும் இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஏதேனும் ஒரு வீட்டின் பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுச் சேலைகளுக்கும் பத்திரக் கோப்புகளுக்கும் இடையே, மணமக்களின் படம் அச்சிட்ட உறைக்குள் ஒரு திருமணக் குறுந்தகடு பெரும்பாலும் இருக்கும்.

அதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது பலருக்கு நினைவில் இராது. பார்க்க விரும்பினாலும் வீட்டில் அதற்கான கருவி இல்லை. புதிய மடிக்கணினிகளில் தகடு செருகும் வசதியும் இல்லை. எங்கிருந்தோ ஒரு கருவியை வாங்கிவந்து ஓடவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. சில தகடுகளையோ, அவற்றில் எதுவுமே பதியப்படாததுபோலக் கருவி வெளியே தள்ளிவிடுகிறது.

திரைப்படம் என்றால் வேறொரு பிரதியைத் தேடிப் பெற்றுவிடலாம். வீட்டுக் காணொளிக்கு வேறு பிரதி உலகில் எங்கும் கிடையாது. இதனால்தான் இது ஒரு தகட்டின் பழுது என்பதோடு முடிந்துவிடுவதில்லை.

கொங்கு நாட்டுத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சடங்குகள், உடன்பிறந்தாளுக்குச் சிறப்புச் செய்யும் இணைச்சீர், எல்லாவற்றுக்கும் மேலாக மங்கல வாழ்த்து. கம்பர் பாடியதாக மரபு சொல்லும் அந்த வாழ்த்தின் சொற்கள் அச்சில் கிடைக்கின்றன. ஆனால், அதைப் பாடும் பெரியவர் எந்த இடத்தில் நீட்டுவார், எங்கே மூச்சு வாங்குவார், எந்த அடியில் மேளம் ஒரு தட்டுத் தட்டி நிற்கும் என்பதெல்லாம் அச்சில் இல்லை. அவை அந்தப் பழைய ஒளிநாடாக்களில் இருந்தன. 'இருந்தன' என்று இறந்தகாலத்தில் சொல்லவேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு.

ஒளிநாடாவிலிருந்து ஒளித்தகட்டுக்கு

1982-இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமானது. அந்தப் பத்தாண்டில்தான் நம் ஊர்களுக்கு 'டெக்' வந்தது. திருமண வீடுகளில் கண்ணைக் கூசவைக்கும் விளக்குடன் வீடியோக்காரரும் வந்தார். ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். கேசட்தான் அன்றைய ஊடகம்.

1993-இல் வீடியோ சி.டி.க்கான தரவரையறை வந்தது. அடுத்து, 1995-இல் எண்ணிம முறையில் பதியும் மினி டி.வி. நாடா வந்தது. அதே ஆண்டு டி.வி.டி. அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மினி டி.வி. நாடாவிலேயே மீத்தெளிவுப் படத்தைப் பதியும் எச்.டி.வி. முறை 2003-இல் உருவானது. 2006-இல் சோனியும் பானசோனிக்கும் இணைந்து, நினைவட்டையில் பதியும் ஏ.வி.சி.எச்.டி. முறையை அறிவித்தன. மீத்தெளிவுப் படத்துக்கென்றே உருவான புளூ-ரே தகடு சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தின் தெளிவு கூடியது. வீடியோ சி.டி.யில் ஒரு படச்சட்டத்துக்கு ஏறத்தாழ 1 லட்சம் புள்ளிகள், டி.வி.டி.யில் 720-க்கு 576 என்ற அளவில் 4.15 லட்சம், முழு மீத்தெளிவுப் படத்தில் 1920-க்கு 1080 என்ற அளவில் 20.7 லட்சம். இந்தக் கணக்கில்தான் நம் கவனத்துக்கு வராத ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது. மீத்தெளிவுக் கேமராவால் எடுக்கப்பட்ட திருமணங்களும் நெடுநாள் வரை வீட்டாரின் கைக்கு வந்தது சாதாரண டி.வி.டி.யாகத்தான். அதாவது, எடுக்கப்பட்ட ஐந்து புள்ளிகளில் ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்தது.

ஏன் இப்படி நேர்ந்தது?

ஏ.வி.சி.எச்.டி. கேமரா வினாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 10.8 ஜி.பி. இடம் தேவை. ஒற்றை அடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவோ 4.7 ஜி.பி. மட்டுமே. அந்தத் தரத்தில் அதில் 26 நிமிடப் படம்தான் அடங்கும். வேகத்தை 18 மெகாபிட்டாகக் குறைத்தால், சாதாரண டி.வி.டி.யிலேயே ஏறத்தாழ 35 நிமிட மீத்தெளிவுப் படத்தைப் பதியலாம். ஆனால், அந்தத் தகட்டை ஓட்டப் புளூ-ரே கருவி வேண்டும். அது மிகச் சில வீடுகளில்தான் இருந்தது. 25 ஜி.பி. கொள்ளும் புளூ-ரே தகட்டில் அதே திருமணம் முழுத்தரத்தில் 2 மணி 18 நிமிடம் அடங்கியிருக்கும். தகட்டின் விலையும் கருவியின் விலையும் அதைச் சாமானியரின் வீட்டுக்குள் விடவில்லை.

எனவே, ஸ்டுடியோக்காரர் எளிய வழியைத் தேர்ந்தார். மூன்று மணி நேரத் திருமணத்தை ஒரே டி.வி.டி.யில் அடக்கினார். அப்படி அடக்கும்போது ஒலியையும் சேர்த்து வினாடிக்கு 3.5 மெகாபிட் அளவே கிடைக்கும். டி.வி.டி. ஏறத்தாழ 10 மெகாபிட் வரை தாங்கக்கூடியது. அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் படத்தை நசுக்கினால், பட்டுச் சேலையின் சரிகை சிறுசிறு கட்டங்களாகச் சிதறும். தவில் அடிப்பவரின் கை வேகமாக அசையும்போது அதன் ஓரங்கள் சீப்பின் பற்கள்போலப் பிரிந்து தெரியும்.

இந்தப் 'பற்களுக்கு'க் காரணம் வேறு. பழைய தொலைக்காட்சிக்கு ஏற்ப, வினாடிக்கு 25 படங்களை 50 அரைப்படங்களாகப் பிரித்துப் பதியும் முறை அன்று வழக்கில் இருந்தது. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று மாறிமாறி வரும். அவற்றைக் கணினியில் முறையாக இணைக்காவிட்டால் அசையும் பொருள்கள் கிழிந்து தெரியும். நல்ல தொகுப்பாளர் இதைச் சரிசெய்வார். முகூர்த்த மாதத்தில் நாளுக்கொரு திருமணத்தை முடித்துத்தர வேண்டியவருக்கு அதற்கு நேரம் ஏது?

வெட்டினால் வெட்டியதுதானா?

திருப்பூர்ப் பனியன் தொழிலில் கட்டிங் மாஸ்டரின் பொறுப்பு பெரிது. துணியை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். மீண்டும் ஒட்டவைக்க முடியாது. கணினியில் காணொளியைத் தொகுப்பது அதற்கு நேர்மாறான வேலை. தொகுப்பு மென்பொருள் மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. எந்த வினாடியிலிருந்து எந்த வினாடிவரை காட்டவேண்டும் என்ற குறிப்பை மட்டுமே அது வைத்துக்கொள்கிறது. இறுதியில் அந்தக் குறிப்புகளின்படி புதியதொரு கோப்பை உருவாக்கித் தருகிறது. மூலம் அப்படியே இருக்கும். விரும்பினால் பத்தாண்டுகள் கழித்தும் வேறு விதமாகத் தொகுக்கலாம்.

புதிய கோப்பு உருவாகும்போதுதான் தரம் குறைகிறது. மீத்தெளிவுக் காணொளியில் ஒவ்வொரு படமும் முழுமையாகப் பதியப்படுவதில்லை. வினாடிக்கு ஓரிரு முறை முழுப்படம் பதியப்படும். இடைப்பட்டவற்றில் முந்தைய, பிந்தைய படங்களிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே குறிக்கப்படும். இடையில் வெட்டி ஒட்டினால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். படத்தை மீண்டும் சுருக்கிப் பதியவேண்டியிருக்கும். ஒவ்வொரு சுருக்கமும் நகலின் நகலைப்போல மேலும் மங்கலாகும். ஆகவே, மூலத்திலிருந்து ஒரே முறை தொகுத்து, ஒரே முறை சுருக்குவதே முறை. டி.வி.டி.யிலிருந்து எடுத்து, அதைத் தொகுத்து, மறுபடியும் டி.வி.டி.யில் பதிவது காய்ந்த கரும்பை மறுபடி ஆலையில் இடுவதற்கு ஒப்பாகும்.

நாம் இழைத்த பெரும்பிழை, மூலத்தைக் கேட்டு வாங்காமல் விட்டதுதான். ஆல்பமும் டி.வி.டி.யும் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ணினோம். ஸ்டுடியோவிலோ, அடுத்த முகூர்த்தத்துக்காக அதே நாடாவின்மீது வேறொரு திருமணம் பதியப்பட்டது, நினைவட்டை அழிக்கப்பட்டது. இதில் அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நாடாவின் விலை அவர்கள் தொழிலின் முதலீடு. நிலவில் மனிதன் முதன்முதலாகக் கால்வைத்த அப்பல்லோ 11 பயணத்தின் மூல ஒளிபரப்பு நாடாக்களே அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குப் போயிருக்கக்கூடும் என்று 2009-இல் நாசா அறிவித்தது. அத்தனை பெரிய நிறுவனத்திலேயே இது நடந்திருக்கும்போது, ஊர் ஸ்டுடியோவில் நடந்ததில் வியப்பில்லை.

இழந்தது தெளிவை மட்டுமன்று. தொகுப்பின்போது பெரும்பாலான திருமணக் காணொளிகளில் இயல்பான ஒலி அணைக்கப்பட்டு, அதன்மேல் திரைப்பாடல் ஏற்றப்பட்டது. மணமக்கள் இதய வடிவத்துக்குள் சுழன்றார்கள். பனிமலைகள் பின்னணியில் தோன்றின. அன்று அது புதுமை, எல்லோரும் விரும்பினார்கள். இன்று அதே தகட்டைப் பார்க்கும் பேத்திக்குப் பாட்டியின் உதடுகள் அசைவது தெரிகிறது, குரல் கேட்பதில்லை. மங்கல வாழ்த்துப் பாடும் பெரியவரின் வாய் அசைகிறது; காதில் விழுவது திரைப்பாட்டு. அந்தக் குரல் மூல நாடாவில் இருந்தது. மூல நாடா இப்போது இல்லை.

தகட்டின் ஆயுள்

கையில் மிஞ்சியிருக்கும் தகடாவது நிலைக்குமா? கடையில் வாங்கும் திரைப்படத் தகடும் ஸ்டுடியோவில் பதியப்படும் தகடும் தோற்றத்தில் ஒன்றுதான், உள்ளமைப்பில் வேறு. முன்னதில் தகவல்கள் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அச்சிடப்பட்டிருக்கும். பின்னதில் கரிமச் சாயப் படலம் ஒன்று இருக்கும்; லேசர் அதைச் சுட்டு அடையாளம் இடுகிறது. வெப்பம், வெயில், ஈரம் மூன்றும் அந்தச் சாயத்தின் பகைவர்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, தகடுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. நம் ஊரில் சித்திரை மாதத்தில் கான்கிரீட் கூரைக்கடியில் இருக்கும் பரணில் என்ன வெப்பம் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. சாதாரண டி.வி.டி.-ஆர் வகைத் தகடுகளின் ஆயுள் 10 முதல் 20 ஆண்டுகள் என்பது கனடியப் பாதுகாப்பு நிறுவனத்தின் மதிப்பீடு. 2005-இல் திருமணம் செய்தவர்களுக்கு அந்தக் கெடு இப்போதே முடிந்துவிட்டது.

தகட்டின்மீது மணமக்கள் படத்தை ஒட்டுவில்லையாக ஒட்டித்தருவதும் கேடுதான். வில்லை ஒருபுறம் உரிந்தாலோ, சற்றுக் கோணலாக இருந்தாலோ, வேகமாகச் சுழலும் தகடு சமநிலை இழக்கும். சி.டி.யில் தகவல் அடுக்கு மேற்புறத்தின் மெல்லிய பூச்சுக்கு நேர்க்கீழே இருப்பதால், வில்லையைப் பிய்த்தால் தகவலும் சேர்ந்து வந்துவிடலாம். டி.வி.டி.யில் அது இரு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு அதிகம்.

தகடு தப்பினாலும் அதைப் படிக்கும் கருவி தப்பவேண்டுமே? வி.எச்.எஸ். பதிவுக் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்தியது. வெற்றுத் தகடு உற்பத்தியில் உலக அளவில் பெயர்பெற்றிருந்த, தமிழ்த் திரைப்படங்களைக் குறைந்த விலைத் தகடுகளாக வீடுதோறும் கொண்டுவந்த இந்தியாவின் மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவிடப்பட்டது. பதிவு செய்யும் புளூ-ரே தகடுகள், மினி டி.வி. நாடாக்கள் ஆகியவற்றின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியுடன் முடித்துக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015-இலேயே, காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025-தான் கெடு என்று எச்சரித்திருந்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

செல்பேசிக் காலத்தில் இந்தக் கவலை ஏன் என்று கேட்கலாம். செல்பேசியில் எடுத்ததை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. உறவினர் பலரிடம் இருப்பது அந்தச் சுருங்கிய பிரதிதான். இணையச் சேமிப்பில் இருப்பதும் என்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023-இல் அறிவித்தது. கணக்குக்கு உரியவர் மறைந்து, கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டால், அந்தக் குடும்பத்தின் படங்களுக்கும் அதே கதிதான்.

ஏடு பெயர்த்தெழுதிய மரபு

எந்த ஊடகமும் நிரந்தரமன்று என்பது தமிழர்களுக்குப் புதிய செய்தியன்று. பனையோலை செல்லரிக்கும், ஒடியும் என்பதை அறிந்துதான் நம் முன்னோர் தலைமுறைதோறும் ஏடுகளைப் பெயர்த்து எழுதினார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமையான பாடல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையால் அன்று. பெயர்த்தெழுதிய கைகளின் தொடர்ச்சியால். அந்தத் தொடர்ச்சி அறுந்தபோது, சிதைந்த ஏடுகள் பிரதி எடுக்கப்படாமலேயே ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் அதைக் கேட்டு மனம் நொந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

திரைப்படத்திலும் நாம் இதே தவற்றைச் செய்தோம். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. இன்று பார்ப்பதற்கு அதன் ஒரு பிரதிகூட நம்மிடம் இல்லை. பலர் கூடி எடுத்து, பல ஊர்களில் ஓடிய படத்துக்கே இந்த நிலை என்றால், பீரோவில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கும் திருமணக் காணொளிக்கு யார் பொறுப்பு? அந்த வீட்டாரைத் தவிர வேறு எவரும் இல்லை.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஓடக்கூடிய நிலையில் உள்ள தகடுகளை இப்போதே வன்தட்டுக்கு மாற்றுவது. கணினியுடன் இணைக்கும் வெளிப்புற டி.வி.டி. கருவிகள் இன்னும் விற்பனையில் உள்ளன. தகட்டில் உள்ள கோப்புகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் அப்படியே பெயர்க்க வேண்டும். வேறு வடிவத்துக்கு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கருவியில் ஓடாத தகடு மற்றொன்றில் ஓடக்கூடும். முதல் தோல்வியிலேயே தூக்கி எறிந்துவிடக் கூடாது. நாடாக்கள் இருந்தால் அவற்றுக்கே முன்னுரிமை. மினி டி.வி. நாடாவைப் பழைய கேமராவிலிருந்து ஃபயர்வயர் இணைப்பு வழியாக எடுத்தால் தரம் சிறிதும் குறையாது; ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. ஆகும், ஒரு மணி நேரமும் பிடிக்கும். அந்தக் கேமராக்கள் இன்னும் சில ஊர் ஸ்டுடியோக்களின் அலமாரிகளில் இருக்கின்றன. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து, மூலத்தையும் தொகுப்பையும் பிரித்துப் பாருங்கள். மூலம் காப்பதற்கு, தொகுப்பு பார்ப்பதற்கு. மூன்று மணி நேரக் காணொளியை எவரும் மீண்டும் முழுதாகப் பார்ப்பதில்லை. இருபது, முப்பது நிமிடத் தொகுப்பு ஒன்றைச் செய்யுங்கள். அதில் சீர்கள் இருக்கட்டும், வந்தவர்களின் முகங்கள் இருக்கட்டும். இயல்பான ஒலி எங்கெல்லாம் எஞ்சியிருக்கிறதோ, அங்கெல்லாம் அதை அப்படியே விட்டுவிடுங்கள். இதற்கு விலைகொடுத்து மென்பொருள் வாங்கவேண்டியதில்லை. இலவச மென்பொருள்களே போதும்.

மூன்றாவது, மூன்று பிரதிகள். இரண்டு வெவ்வேறு வகை ஊடகங்களில், அவற்றுள் ஒன்றேனும் வேறொரு வீட்டில் இருப்பது நல்லது. கொமரலிங்கத்தில் ஒன்றும், திருப்பூரில் குடியேறிய மகன் வீட்டில் ஒன்றும் இருந்தால் தீயோ வெள்ளமோ இரண்டையும் ஒருசேரக் கொண்டுபோகாது. தகட்டுக்கு இந்த ஏற்பாட்டில் இன்றும் ஓர் இடம் உண்டு. ஒருமுறை எழுதினால் தவறுதலாக அழிக்க முடியாது. கணினியைத் தாக்கும் நச்சுநிரல் அதை மாற்ற முடியாது. குறைந்த வேகத்தில் பதிந்து, பதிந்ததைக் கணினியிலேயே சரிபார்த்து, வில்லை ஒட்டாமல் நீர்வகை மையால் பெயரெழுதி, இருளான குளிர்ந்த இடத்தில் நிற்கவைத்து வைத்தால் அது நல்லதொரு மூன்றாம் பிரதி. ஒரே பிரதியாக அதை நம்புவதுதான் ஆபத்து.

நான்காவது, மிக அவசரமானது. காட்சியில் வருவோர் யார் என்பதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை அருகில் அமர்த்தி, படத்தை ஓடவிட்டு, அவர்கள் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர் தெரியாத முகம், இரண்டு தலைமுறை கழித்து அந்நியரின் முகம். குரல் அழிந்துபோன காணொளிக்கு அவர்களின் நினைவு ஒன்றே ஒலி.

பொதுப் பொறுப்பும் இதில் உண்டு. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம், நூல்களையும் சுவடிகளையும் மின்மயமாக்கி அனைவருக்கும் திறந்துவைத்துள்ளது. ஊர்த் திருவிழா, கூத்து, மங்கல வாழ்த்து, ஒப்பாரி போன்றவை அடங்கிய வீட்டுக் காணொளிகளை, உரியவர்களின் ஒப்புதலோடு பெற்றுக் காக்கும் பணியும் அத்தகைய முயற்சிகளில் சேரவேண்டும். வட்டார நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய நாடாக் கருவியும் ஒரு கணினியும் இருந்தால், கல்லூரி மாணவர்களைக் கொண்டே ஓர் ஊரின் நினைவை ஓராண்டில் மீட்டுவிடலாம்.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆடிப்பெருக்கன்று அமராவதிக் கரையில் கூடும் குடும்பங்கள், ஆற்றுக்குப் போகும்முன் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, அதே நாளில், பிரதிகள் ஓடுகின்றனவா என்று பார்த்து, பழுதானதைப் பெயர்த்து வைக்கலாம். சென்ற முறை பெயர்த்தெழுதாமல் எத்தனையோ ஏடுகளை ஆற்றோடு விட்டோம். இந்த முறை, பீரோவில் இருக்கும்போதே இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வோம்.